மாடியில் துணி துவைத்தால் கீழ்வீட்டு பாத்ரூமில் தண்ணீர் எழும்புகிறது. கோளாறு எங்கே?

நங்கநல்லூர்_கீழ்த்தளம் | சனி, காலை 7.40

அனைவருக்கும் வணக்கம். வீடு நங்கநல்லூரில், அப்பா 1987-ல் கட்டியது. கீழே நானும் அம்மாவும் என் குடும்பமும், மாடியில் குடித்தனக்காரர்கள்.

மூன்று வாரமாக ஒரு தொல்லை. மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும்போது எங்கள் பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் வாயான நஹானி டிராப்பில் முதலில் களக் களக் என்று சத்தம் வருகிறது. அப்புறம் சோப்பு நுரையோடு தண்ணீர் மேலே எழும்பி, கால் மணி நேரம் நின்று, மெதுவாக இறங்குகிறது. நேற்று நுரையோடு வேறு அழுக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்கு 78 வயது. வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பாத்ரூம் தரை முழுவதும் உடைத்து பைப் மாற்ற வேண்டும், 60,000 ரூபாய் ஆகும்" என்றார். டிராப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உடைப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

---

புதுவீடு_பல்லாவரம் | சனி, காலை 8.15

எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது. இரண்டு பாட்டில் ஆசிட் ஊற்றி, மேலே ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர் போட்டு ராத்திரி முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் சரியாகிவிடும்.

---

குழாய்க்காரன்_மதுரை | சனி, காலை 8.32

சார், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய பாத்ரூமில் மூச்சு அடைத்துவிடும். வயதான அம்மா இருக்கிற வீடு. புதுவீடு சார், உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் தப்பித்தது பெரிய விஷயம்.

ஆசிட் தனியாக ஊற்றினாலும் பலனில்லை. லைனில் நிற்கிற தண்ணீரில் கலந்து நீர்த்துப் போகும். பழைய வீட்டில் சிமெண்ட் ஜாயின்ட்டை அரிக்கும். அடைப்பு துணியாகவோ மண்ணாகவோ இருந்தால் ஆசிட்டுக்கு அது அசையாது.

22 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். தரையை உடைப்பது கடைசி வேலை. முதல் வேலை சேம்பர் மூடியைத் திறப்பது, அதாவது கழிவுநீர்க் குழாய் போகும் வழியில் தரையில் மூடி போட்டுக் கட்டியிருக்கும் தொட்டியைத் திறப்பது.

---

புதுவீடு_பல்லாவரம் | சனி, காலை 8.50

மன்னிக்கவும், இது தெரியாமல் எழுதிவிட்டேன். இனி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

---

அளவுகோல் | சனி, காலை 9.20

நான் திருச்சியில் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர். குழாய்க்காரன் சொன்னதே சரி. ஏன் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வீட்டில் ஒரே ஒரு இடத்தில் தண்ணீர் மெதுவாகப் போனால் கோளாறு பெரும்பாலும் அந்த இடத்து டிராப்பில்தான் இருக்கும். முடி, சோப்புக் கசடு, சமையலறையானால் எண்ணெய்ப் பிசுக்கு. ஓர் இடத்தில் ஊற்றுகிற தண்ணீர் இன்னோர் இடத்தில் எழும்பினால் கதையே வேறு. இரண்டும் சேர்ந்த பிறகு உள்ள பொதுக் குழாயில் தடை இருக்கிறது என்று பொருள். தடைபட்ட தண்ணீர் தாழ்வான திறப்பைத் தேடி வரும். மாடி வீட்டில் உள்ளவர்களுக்குத் தங்கள் தண்ணீர் சுலபமாகப் போவதாகவே தோன்றும். கீழ்த்தள பாத்ரூமில், அதுவும் தரை மட்டத்தில் உள்ள நஹானி டிராப்பில்தான் முதலில் தெரியும். உங்கள் பாத்ரூம் குழாய் கெட்டுப்போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தச் சத்தத்தையும் கவனியுங்கள். கழிவுநீர்க் குழாய் முழுக்க நிரம்பி ஓடும்படி அமைக்கப்படுவதில்லை. மேல் பாதியில் காற்று இருக்கும். முன்னால் அடைப்பு இருந்தால் வருகிற தண்ணீர் அந்தக் காற்றை நெருக்கும், காற்று டிராப்பில் நிற்கும் தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியேறும். அதுதான் களக் களக். டிராப்பில் நிற்பது சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர்தான். சாக்கடை வாயுவையும் கரப்பான் பூச்சியையும் தடுப்பது அந்த இரண்டு அங்குல நீர்தான். சத்தம் தினமும் வந்தால் அந்த நீர் கலைந்து போய், நாற்றமும் வரத் தொடங்கும்.

சத்தம் மட்டும் வருகிறது, தண்ணீர் நன்றாகவே போகிறது என்றால் மொட்டைமாடியில் வென்ட் பைப்பின் (கழிவுநீர்க் குழாய்க்குக் காற்றுப் போக்கு தரும் குழாய்) மேல்மூடியைப் பாருங்கள். குருவிக்கூடோ குளவிக்கூடோ அடைத்திருக்கலாம். உங்களுக்கு அது இல்லை என்றே நினைக்கிறேன்.

---

குழாய்க்காரன்_மதுரை | சனி, காலை 10.05

சேம்பர் பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மாடிக்காரர்களிடம் சொல்லி ஒரு மணி நேரம் தண்ணீர் விடாமல் இருக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பக்கமிருந்து தெருப் பக்கம் வரைக்கும் எத்தனை சேம்பர் இருக்கோ அத்தனையும் வரிசையாகத் திறங்கள். மூடியைத் திறந்ததும் முகத்தை உள்ளே நீட்டக் கூடாது, பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். சிகரெட், தீப்பெட்டி பக்கத்தில் வேண்டாம்.

தண்ணீர் நிற்கிற சேம்பருக்கும் காய்ந்து கிடக்கிற சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. எல்லாமே காலியாக இருந்தால் முதல் சேம்பருக்கும் பாத்ரூமுக்கும் நடுவில். எல்லாமே நிரம்பி, வாசல் சேம்பரிலும் தண்ணீர் நின்றால் தடை உங்கள் காம்பவுண்டுக்கு வெளியே. அப்போது நீங்கள் ஒன்றும் தோண்ட வேண்டாம், சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 என்ற எண்ணுக்குச் சொன்னால் போதும். தண்ணீரை வேகமாகப் பாய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டியோடு வருவார்கள்.

---

வேளச்சேரி_வாசி | சனி, காலை 11.30

எப்போது எழும்புகிறது என்பதையும் இரண்டு மூன்று நாள் குறித்து வையுங்கள். எங்களுக்குக் கோடையில் ஒரு தொல்லையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கீழ்வீட்டுக் கக்கூஸில் தண்ணீர் எழும்பும். பிறகு பார்த்தால் வீடு கட்டியவர் மொட்டைமாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் சேம்பரிலேயே இறக்கியிருந்தார். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாகிவிட்டது. அந்தத் தண்ணீர் நிலத்துக்குள் போயிருக்க வேண்டும், எங்கள் வீட்டில் அது சாக்கடைக்குப் போயிற்று. குழாயைப் பிரித்து உறைகிணற்றுக்குத் திருப்பினோம். அதன் பின் பெரும்பாலும் சரியாகிவிட்டது. மிகப் பெரிய மழையில் தெருவே நிரம்பும்போது எதிர்த்து வராமல் இருக்கக் கடைசி சேம்பரில் ஒருவழி வால்வு ஒன்றும் போட்டுவிட்டோம். அதை ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் திறந்து கழுவ வேண்டும். கழுவாவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும்.

---

நங்கநல்லூர்_கீழ்த்தளம் | சனி, மாலை 6.10

எல்லோருக்கும் மிக்க நன்றி. திறந்து பார்த்துவிட்டேன். மூன்று சேம்பர் இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால் முதல் சேம்பர், அதில் ஓரடி உயரம் தண்ணீர். பக்கச் சந்தின் நடுவில் இரண்டாவது, மேலே வெள்ளையாகப் பிசுக்கு மிதக்க விளிம்பு வரை தண்ணீர். வாசல் கேட்டுக்கு உள்ளே மூன்றாவது, ஏறக்குறைய காய்ந்து கிடக்கிறது.

அப்படியானால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், சரியா? நடுவில் சுமார் 14 அடி.

---

குழாய்க்காரன்_மதுரை | சனி, மாலை 6.25

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பாத்ரூம் தரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை பார்த்தீர்களா.

நாளைக்கு ஆளை வைத்துக் காய்ந்த சேம்பரிலிருந்து எதிர்ப்பக்கமாகக் கம்பி விடச் சொல்லுங்கள். மூங்கில் பிளாச்சு ஆனாலும் சரி. எத்தனை அடியில் தட்டுகிறது என்று கம்பியில் அடையாளம் வையுங்கள். முக்கியமாக, வெளியே இழுக்கும்போது நுனியில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். துணி, நாப்கின், ஈரத் துடைப்புத்தாள், பிசுக்கு வந்தால் அது நாம் போட்டது, எடுத்துவிட்டால் முடிந்தது. மண்ணோ மணலோ வந்தால் குழாய் உடைந்திருக்கிறது. மெல்லிய வேர் வந்தால் ஜாயின்ட் விட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் கம்பி விட்டுச் சரிசெய்தால் ஒரு மாதம்தான் தாங்கும்.

உள்ளே யாரையும் இறக்காதீர்கள் சார். "மூன்றடிதானே, நான் இறங்கிப் பார்க்கிறேன்" என்று அவர்களே சொன்னாலும் வேண்டாம்.

---

அளவுகோல் | சனி, இரவு 8.00

ஒரு கேள்வி. உங்கள் வீடு 1987-ல் கட்டியது. நங்கநல்லூர் அப்போது ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. அங்கே பாதாளச் சாக்கடை 2000-க்குப் பிறகுதான் வந்தது. மக்களே முன்பணம் கட்டி வரவழைத்த திட்டம் அது, நாங்கள் எல்லாம் அப்போது வியந்து பேசிய விஷயம். அதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் செப்டிக் டேங்க்தான். உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் எங்கே இருந்தது? இணைப்பு வந்த பிறகு அதை என்ன செய்தார்கள்? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

---

மாடித்தோட்டம் | சனி, இரவு 9.15

நான் அண்ணாநகர். உங்கள் சம்ப் (தரைக்கடியில் உள்ள நல்ல தண்ணீர்த் தொட்டி) எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கழிவுநீர் எங்கும் எழும்பவில்லை, நாற்றமும் இல்லை. என் சின்ன மகளுக்கு இரண்டு மாதத்தில் மூன்று முறை வயிற்றுப்போக்கு. வெளியே சாப்பிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சம்ப்பில் தண்ணீர் நிரப்பும்போது வரும் லேசான குளோரின் வாசனை அடுத்த வேளைக்கே காணாமல் போவதை என் மாமியார்தான் கவனித்தார். கடைசியில் சம்ப்பைக் காலி செய்து விளக்கடித்துப் பார்த்தால், சேம்பர் பக்கச் சுவரில் ஒரு கீறல். அதன் வழியாகக் கசிந்து காய்ந்த கருப்புத் தடம். அந்தத் தடத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த அழுகையை இன்றும் மறக்கவில்லை. அந்தத் தண்ணீரில்தான் குழந்தை பல் தேய்த்திருக்கிறாள்.

சம்ப் பக்கத்தில் கழிவுநீர் லைன் போகிறது என்றால், லைன் சரியாகும் வரை அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் வாயில் வைக்காதீர்கள். எச்2எஸ் வயல் என்று ஒரு சின்னக் குப்பி கிடைக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் போதும். 24 முதல் 48 மணி நேரத்தில் கருத்தால் மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு அதிகம், உடனே ஆய்வகத்தில் முறையாகச் சோதிக்க வேண்டும்.

---

நங்கநல்லூர்_கீழ்த்தளம் | ஞாயிறு, மதியம் 1.30

அளவுகோல் ஐயா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். இரண்டாவது சேம்பருக்கும் கேட்டுக்கும் நடுவில், இப்போது பைக் நிறுத்தும் இடத்துக்குக் கீழேதான் செப்டிக் டேங்க் இருந்ததாம். இணைப்புக்கு அப்பா 5000 ரூபாய் கட்டியது அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இணைப்பு கிடைத்ததும் டேங்க்கை இடித்த செங்கல்லும் கட்டடக் குப்பையும் போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். வாசலுக்குப் போகும் குழாயை அந்த நிரப்பின் மேலேயே படுக்க வைத்திருக்கிறார்கள்.

காலையில் கம்பி விட்டோம். கேட் பக்கமிருந்து ஒன்பதாவது அடியில் தட்டியது. இழுத்தால் செம்மண்ணும் தலைமுடி மாதிரி வேரும்.

இப்போது எல்லாம் ஒன்றுசேர்கிறது. அந்த இடத்தில் நான்கு டைல்ஸ் ஒரு வருடமாகவே தாழ்ந்து கிடந்தது. பைக் பாரம் என்று விட்டுவிட்டேன். மதிலோரம் ஒரு செம்பருத்தி, சித்திரை வெயிலில் மற்ற செடிகளெல்லாம் வாடினாலும் அது மட்டும் தளதளவென்று நிற்கும். அம்மா பூப்பறித்துச் சாமிக்குப் போடுவார். அதன் வேர்தான் உள்ளே போயிருக்கிறது. மழைக்காலத்தில் பெருச்சாளி ஒன்று அங்கேயே வளை தோண்டியதும் இப்போதுதான் உறைக்கிறது.

மாடித்தோட்டம் அக்கா, சம்ப் அங்கிருந்து ஏழடிதான். நீங்கள் எழுதியதைப் படித்த இரவே கேன் தண்ணீர் வாங்கிவிட்டோம். வயல் இன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

---

அளவுகோல் | ஞாயிறு, மதியம் 3.05

நிரப்பு மண் உட்கார உட்காரக் குழாயும் உட்காரும். குழாயின் நடுவில் தொட்டில் மாதிரி ஒரு பள்ளம் விழும், அங்கே தண்ணீர் எப்போதும் நிற்கும், திடக்கழிவு படியும், ஜாயின்ட் வாய்பிளக்கும். முதலில் நீர் வெளியே கசியும், அதைத் தேடி வேர் உள்ளே வரும், பிறகு மண்ணும் வரும். உங்கள் டைல்ஸ் தாழ்ந்தபோது இது தொடங்கியிருக்கிறது. அடைப்பு மூன்று வாரமாகத்தான் தெரிந்தது, கோளாறுக்கு வயது ஒரு வருடத்துக்கு மேல்.

பழைய செப்டிக் டேங்க்கை மூடிய வீடுகள் எத்தனையோ. பெரும்பாலோருக்கு அது எங்கே இருந்தது என்றே தெரியாது. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து வீட்டுப் பத்திரத்தோடு ஒரு தாளில் வரைந்து வைத்துவிடுங்கள்.

தோண்டினால் கட்டடக் குப்பையை முடிந்தவரை அள்ளிவிட்டு, மணல் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே கான்கிரீட் படுகை போட்டு, அதன் மேல் குழாயை வையுங்கள். ஆறு அங்குலக் குழாய் என்றால் 60 அடிக்கு ஓரடி சரிவு, அதாவது பத்தடிக்கு இரண்டு அங்குலம். நான்கு அங்குலம் என்றால் பத்தடிக்கு மூன்று அங்குலம். மேஸ்திரி கண்மதிப்பில் வைக்க விடாதீர்கள், மட்டக்குழாய் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடிக்கச் சொல்லுங்கள்.

---

கொல்லைப்புறம் | ஞாயிறு, மாலை 5.45

நான் கும்பகோணம் பக்கம் கிராமம். எங்களுக்கு இன்றும் செப்டிக் டேங்க்தான். எங்கள் வீட்டிலும் கக்கூஸில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. மழைக்காலத்தில் மட்டும் அதிகம். டேங்க் கட்டி ஒன்பது வருடம், இதுவரை எடுத்ததில்லை. இதுவும் லைன் கோளாறா?

---

குழாய்க்காரன்_மதுரை | ஞாயிறு, மாலை 6.20

ஒன்பது வருடம் ரொம்ப அதிகம் அண்ணே. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். கசடு மூன்றில் ஒரு பங்கு உயரம் வந்துவிட்டாலே அது பக்கத்து உறிஞ்சுகுழிக்குப் போய் அதன் மண்ணை அடைக்கத் தொடங்கிவிடும். மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது குழிக்குத் தண்ணீர் இழுக்க வழியில்லை, அதனால்தான் அப்போது அதிகமாகத் தெரிகிறது. முதலில் டேங்க்கைச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். கிணறோ போர்வெல்லோ பக்கத்தில் இருந்தால் அந்தத் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள்.

உரிமம் உள்ள கழிவுநீர் லாரியை மட்டும் கூப்பிடுங்கள், 14420 என்ற எண்ணில் கேட்கலாம். குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். மிச்சக் கசடை வழிக்க ஆள் இறங்குவதாகச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். டேங்க்கில் இருக்கிற வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவன் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். என்னோடு வேலை பார்த்த ஒரு பையன் அப்படிப் போனான், 24 வயது. அதை எப்போதும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

---

அளவுகோல் | ஞாயிறு, மாலை 6.50

சட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடையோ செப்டிக் டேங்க்கோ சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-ல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. போன உயிருக்கு எந்தத் தொகையும் ஈடில்லை.

---

கொல்லைப்புறம் | ஞாயிறு, இரவு 7.30

நன்றி அண்ணே. நாளைக்கே கூப்பிடுகிறேன். போர்வெல் 30 அடி தள்ளித்தான் இருக்கிறது, அதையும் சோதிக்கிறேன். உங்கள் நண்பரை நினைத்து மனது கனத்துவிட்டது.

---

நங்கநல்லூர்_கீழ்த்தளம் | வியாழன், இரவு 9.00

வேலை முடிந்தது. தோண்டியபோது நடுவில் குழாய் மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தது. ஜாயின்ட்டில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி, அதற்குள் வேர் பஞ்சுத் தலையணை மாதிரி அடைத்திருந்தது. அளவுகோல் ஐயா சொன்னபடி படுகை போட்டு, ரப்பர் வளையம் வைத்த ஆறு அங்குல பி.வி.சி. குழாய் பதித்தோம். டைல்ஸ் மூடுவதற்கு முன் மாடிக் கக்கூஸில் சொட்டு நீலம் கரைத்து ஊற்றச் சொன்னேன். மூன்று சேம்பரிலும் நீலம் தாண்டித் தாண்டி ஓடியதைப் பார்த்து அம்மா கைதட்டினார். முதலில் கேசரி பவுடர் போட்டோம், அழுக்குத் தண்ணீரில் அந்த நிறம் தெரியவே இல்லை. நீலம்தான் தெரிகிறது.

மொத்தம் 23,500 ரூபாய். பாத்ரூமில் ஒரு டைல்ஸ்கூட உடைக்கவில்லை.

எச்2எஸ் வயல் 48 மணி நேரம் ஆகியும் கருக்கவில்லை. இருந்தாலும் சம்ப்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, அந்தப் பக்கச் சுவருக்கு உள்பூச்சும் பூசிவிட்டோம். செம்பருத்தியை வெட்ட அம்மாவுக்கு மனமில்லை. வேரோடு பெயர்த்துப் பெரிய தொட்டியில் வைத்திருக்கிறோம். இரண்டு இலை வாடியிருக்கிறது, பிழைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

---

மாடித்தோட்டம் | வியாழன், இரவு 9.20

படிக்கவே நிம்மதியாக இருக்கிறது. செம்பருத்தியைப் பாதியாகக் கவாத்து செய்து ஒரு வாரம் நிழலில் வையுங்கள், துளிர்த்துவிடும். வயலை ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை வைத்துப் பாருங்கள்.

---

தாம்பரம்_பிளாட் | வெள்ளி, காலை 6.50

இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் அடுக்ககத்தில் சேம்பர் திறக்கலாம் என்று போனால், கார் நிறுத்துமிடத்தில் புது டைல்ஸ் போட்டபோது எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

குழாய்க்காரன்_மதுரை | வெள்ளி, காலை 7.15

சார், கக்கூஸ் பைப் மாடியிலிருந்து தரைக்கு இறங்குகிற இடத்தில் நின்றுகொள்ளுங்கள். அதன் அடியில் இரண்டு மூன்று அடிக்குள் ஒரு சேம்பர் இருக்கும். அங்கிருந்து தெருப்பக்கம் நேராக, கம்பியின் பின்பக்கத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போங்கள். சேம்பர் மேல் வந்ததும் சத்தம் குடம் மாதிரி ஒலிக்கும். சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, வளைவு வருகிற இடத்தில் எல்லாம் இன்னொன்று தேடுங்கள். கிடைத்ததும் அந்த டைல்ஸை மட்டும் எடுத்துவிட்டு, தூக்குகிற மாதிரி கைப்பிடி வைத்த மூடி போடுங்கள்.